மழை சொன்ன ஆள்

தேனிப் பக்கம் கோம்பையில் உட்கார்ந்துகொண்டே டோகோ நாட்டில் குடித்தனம் நடத்த என் வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டிக்கு மட்டும்தான் தெரியும். போர்வெல் லாரியில் ஆபரேட்டராக ஒன்பது வருடம் அந்த ஆப்பிரிக்க நாட்டில் இருந்தார். திரும்பி வந்து ஆறு வருடம் ஆகிறது. பேச்சு மட்டும் இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சிக்கினால் போதும். தேனியிலிருந்து குமுளிக்குப் போகிற தூரம்தான் அந்த நாட்டுக்குக் கடற்கரை, ஆனால் வடக்கே அறுநூறு கிலோமீட்டர் நீளும் என்பார். தெற்கே வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், வடக்கே ஒன்றே ஒன்று. சனம் மொத்தமே தொண்ணூறு லட்சம், அதில் பாதிக்கு இருபது வயதுகூட இருக்காது, எந்தத் தெருவிலும் பிள்ளைகள் சத்தம்தான். சொல்லும்போதே முகம் மாறிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் என் பிள்ளைகளும் இங்கே தனியாகக் கிடந்த வருடங்கள் அல்லவா அவை?

ஒன்றை மட்டும் பந்தியில் சொல்ல மாட்டார்.

அவர் அங்கே போன முதல் வருடம், மார்கழி மாதம். வடக்கே ஒரு சிற்றூர். தண்ணீருக்கு நாலு மைல் நடக்கிற சனம். வண்டிக்காரர்களுக்குச் சோறாக்கிப் போட்டவள் ஆவா என்ற பெண். இருநூறு அடி இறக்கியும் ஈரமில்லை. மறுநாள் விடியும்போது குளிர்காற்று, எதிரே இருந்த குன்று வெள்ளையாக மறைந்துவிட்டது. நம் ஊரில் மேற்கு மலை அப்படி மறைந்தால் சாரல்தானே? இந்தப் பெரிய மனுசர் மழை வருகிறது என்று ஊருக்கே சொல்லிவிட்டார். சேற்றில் இறங்கிவிடும் என்று குழியைப் பாதியில் விட்டு லாரியை ரோட்டுக்கு ஏற்றி, தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துகொண்டார். ஆவா சட்டி பானையெல்லாம் வெளியே எடுத்து வைத்தாள்.

வந்தது பாலைவனத்துப் புழுதி. அந்த மாதங்களில் அங்கே அதுதான் வீசுமாம். இரண்டு நாளும் பானையில் மண்தான் விழுந்தது. மூன்றாம் நாள் கம்பெனி வண்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. அதற்குப்பிறகு அந்தப் பக்கம் தலைகாட்ட இவருக்கு முகமில்லை.

அன்றிலிருந்து மழை வருகிறது என்று இவர் வாயில் வந்ததே இல்லை. ஆடி மாதம் தெருவே மலையைப் பார்த்துச் சாரல் என்று சொல்லும், இவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அந்தக் குழியில் தண்ணீர் இருந்திருக்குமா என்று சோற்றுக்கு நடுவில் திடீரென்று கேட்பார்.

போன வாரம் இம்மானுவேல் வீடியோவில் கூப்பிட்டான். இவரிடம் தொழில் பழகிய ராயப்பன்பட்டிக்காரன், இன்னும் அங்கேதான் இருக்கிறான். இவர் நச்சரிப்புத் தாங்காமல் அந்த ஊருக்கே போயிருக்கிறான். படத்தில் ஒரு அடிபம்பு தெரிந்தது. தலை நரைத்த ஆவா அதில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எத்தனை அடியில விழுந்துச்சு?" என்று கேட்டார் இவர்.

"இருநூத்திப் பத்துலண்ணே. மறுவருசம் வேற வண்டி வந்து அதே குழியில போட்டிருக்காக."

பத்தடி. இவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஒரு வருசம் நடந்திருக்காகளேடா, என்னால" என்று அழுதார். ஆவா போனை எட்டிப் பார்த்து என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

"மழை சொன்ன ஆளு சொகமா இருக்காரான்னு கேக்குறாகண்ணே. நீங்க சொன்ன மழை நாலு மாசம் கழிச்சு வந்துச்சாம். பானையெல்லாம் நெறஞ்சுச்சாம்."

போனை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். மேற்கு மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

"சொர்ணம், மழை வருது" என்றார்.

நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தேன்.