தென்மேற்கு மூலைக் கிணறு

நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்கு ஊர் நைனார்பாளையம் பக்கம். அவர் ஓய்வு பெற்றதும் இங்கே ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கிப் பழுது பார்க்க ஆரம்பித்தோம்.

ஒருநாள் ஜல்லி ஏற்றி வந்த டிராக்டர் தோட்டத்தில் ரிவர்ஸ் எடுத்தது. நான் துணி காயப்போடும் இடத்தில் டிரெய்லரின் சக்கரம் ஏறியதுதான் தாமதம், தரை உள்ளே போய்விட்டது. ஜல்லி சரிந்து விழ, கீழே தண்ணீர்ச் சத்தம். கிணறு! டிரைவர் குதித்துத் தப்பினார்.

தென்மேற்கில் கிணறு இருந்தால் வாஸ்து சரியில்லை, வீடு விலை போகாது என்று, விற்றவர் அதைத் தூர்க்காமல் கற்பலகை போட்டு மண்ணைப் பரப்பியிருக்கிறார். அவரைவிட என்னைக் கொதிக்க வைத்தவர் பக்கத்து வீட்டு அம்மாதான்.

"அங்க கெணறு இருந்துச்சுங்க. அவரு மூடுனப்ப நாங்க பாத்துக்கினுதான் இருந்தோம்" என்றார், சாவகாசமாக.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"இன்னாங்க பண்றது, விக்கறவங்க பொழப்பக் கெடுக்கலாமா? நீங்களும் கேக்கலியே."

அந்தப் பலகைமேல் நான் நிற்கும்போதெல்லாம் மதிலுக்கு மேல் எட்டி, இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரித்தவர் இவர்!

இப்போது தெருவில் யார் வீடு பார்க்க வந்தாலும், எனக்குத் தெரிந்த குறைகளை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அந்த அம்மாவே தன் வீட்டை விற்க ஆள் கூட்டி வந்தார். புதுப் பெயின்ட்டுக்குப் பின்னால் ஓதம் ஏறிய சுவரைக் காட்டினேன்.

"இன்னாங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று பொருமினார்.

"அவங்க கேக்கலங்க. நானாத்தான் சொன்னேன்" என்றேன்.