நான் பாஸ் செய்யாத நான்கு லாட்டுகள்

மின்கட்டணம் கட்டுவதற்கு இணையப் பக்கத்தைத் திறந்தால், மேலே ‘வணக்கம்’ என்று சொல்லி என் பெயர் வரும். நேற்றும் வந்தது. இரண்டு முறை படித்தேன். என் பெயர்தான். வீட்டில் சிரிக்கிறார்கள். இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்று உங்களுக்குச் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலை. உள்ளே போய்வந்தால் கட்டிங் ஆயில் வாசம் இரண்டு சலவைக்குச் சட்டையை விட்டுப் போகாது. துளை போட்ட இரும்புப் பாகங்கள் லாட் லாட்டாக, அதாவது தொகுதி தொகுதியாக வரும். பரிசோதிப்பவர் கேஜ் என்ற அளவுகருவியைத் துளையில் வைத்து அளந்து, ஷிஃப்ட் தொடக்கத்தில் லாகின் செய்த கணினியில் ‘பாஸ்’ கொடுப்பார். கொடுத்தவர் யார் என்பதைப் பதிந்துகொள்ளும் மென்பொருளை எழுதியவன் நான். அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தலைக்கனத்துக்கு மட்டும் பத்து வருட சர்வீஸ்.

ஒரு லாட், துளை அளவு சரியில்லை என்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. பாஸ் கொடுத்தவர் என்று பதிவில் இருந்தது பரிசோதிப்பவர்களில் ஒருவரான பர்வீனின் பெயர். பூந்தமல்லிக்காரர், அந்த வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாக வேண்டியவர்.

“இன்னாம்மா, கம்ப்யூட்டரே உன் பேர சொல்லுது, நீ இல்லன்ற?” என்றார் சூப்பர்வைசர்.

“அந்த லாட்ட நான் தொடவே இல்லண்ணே.”

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். “சிஸ்டம் தப்பா எழுதாது சார்” என்றேன். பர்வீனை வேலையிலிருந்து நிறுத்த ஆதாரமாக, அந்த மாதப் பதிவு முழுவதையும் அச்செடுத்துத் தரச் சொன்னார்.

எடுத்த தாளில் என் பெயரும் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் நான்கு லாட்டுகளை நான் பாஸ் செய்திருந்தேன். எனக்குக் கேஜைப் பிடிக்கவே தெரியாது. தினமும் நாட்குறிப்பு எழுதும் பைத்தியம் உண்டு என்பதால் புரட்டினேன். அந்த வியாழன் சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் தொழிற்சாலையில் லாகின் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். மதியம் ஆவடியில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு படுத்திருக்கிறேன்.

பிழை புரிந்தது. லாகின் செய்தவரின் பெயரை ஆளுக்குத் தனித்தனியாக வைக்காமல், சர்வரில் எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில் வைத்திருந்தேன். கடைசியாக உள்ளே வந்தவர் பெயரே எல்லோர் வேலையிலும் விழும். என் மேசையில் சோதித்தபோது நான் ஒருவன்தானே. ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது.

பல் பிடுங்கிய கதையையும் பெயர் மாறி விழும் பிழையையும் சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கணினியிலிருந்து செல்வம் எழுந்து வந்தார். அவரும் பரிசோதிப்பவர், நெமிலிச்சேரிக்காரர்.

“இன்னா அண்ணாத்தே, நான் அடிச்சா பர்வீன் பேரு உளுதா? அப்ப அந்த லாட்டு என்னுதுதான். அவசரத்துல கேஜ் வைக்காம பாஸ் பண்ட்டேன்.”

செல்வத்துக்கு ஒரு மெமோ. எனக்கு இரண்டு; பிழையை அன்றே திருத்தினேன். வெள்ளிக்கிழமை பர்வீனுக்கு வேலை நிரந்தர ஆர்டர் வந்தது. வாங்கிய கையோடு என்னிடம் வந்தார்.

“அண்ணே, ஸ்கிரீன்ல பேர கொஞ்சம் பெருசா போடுங்க. நான்தானான்னு பாத்துட்டு அடிக்கிறேன்.”

போட்டேன்.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பர்வீன் நசரத்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் என்று கேள்வி. என் மென்பொருளை யாரும் காப்பாற்றி வைக்கவில்லை. ஒருவர் வேலையை இன்னொருவர் பெயரில் எழுதிய பதிவுகளும் அதோடு போயின. போனதற்கெல்லாம் தேதிவாரியாக வருந்துகிறவன் நான். இது ஒன்றுக்கு மட்டும் வருந்தவில்லை.