மாமா கொண்டுவந்த உடையாத தட்டு

சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பீங்கான், கண்ணாடிச் சாமான் கடை. நாகர்கோவிலில் இருந்த அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, எந்த வேலையிலும் நிலைக்காதவர் என்று எங்கள் வீட்டில் பெயர். நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் பெட்டியும் கழுத்தில் டையுமாக வந்து நின்றார். உடையாத தட்டு விற்கும் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாராம். முதல் ஆர்டரை அத்தானிடம்தான் வாங்க வேண்டும் என்று, தம்பானூரில் பஸ் இறங்கியதும் நேரே வந்துவிட்டார்.

பெட்டியிலிருந்து பூப்போட்ட வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்தார். பார்த்தால் பீங்கான் மாதிரி இருந்தது. கண்ணாடிதானாம், காய்ச்சிப் பதப்படுத்தியதாம். சொல்லிக்கொண்டே அதைக் கைவிட்டார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். தட்டு தரையில் விழுந்து, சுழன்று, அடங்கியது. ஒரு கீறல் இல்லை. தலைக்குமேல் தூக்கியும் போட்டார். அப்போதும் அப்படித்தான். பிறகு என்னையே அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். உலகத்திலேயே உறுதியான பொருளின்மேல் நிற்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அப்பா மட்டும் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். மாமா வந்தால் அவருக்கு அந்த முகம் வழக்கம்தான், ஆனால் அன்று கொஞ்சம் கூடுதல். தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உடையாத சாதனம்னு ஒண்ணு உண்டா, மாப்ளே?" என்றார்.

"இது உடையாது அத்தான். பேரப்பிள்ளை காலம்வரை கெடக்கும்" என்றார் மாமா.

அப்பா தட்டைக் கீழே வைத்தார். தம்பி ஒருநாளாவது ஜெயித்துப் போகட்டும் என்று அடுக்களை வாசலில் நின்றிருந்த அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"எந்தம்பி கொண்டாந்தா மட்டும் ஒங்களுக்கு ஆகாது. இப்ப நான் போடுதேன், பாருங்க" என்று தட்டை எடுத்து ஓங்கிப் போட்டாள்.

மாமா இரண்டு தடவையும் அது படுக்கையாக விழும்படி போட்டிருந்தார். அம்மாவின் கோபத்துக்கு அந்த நிதானம் ஏது? விளிம்பு குத்தி விழுந்தது. படாரென்று வெடித்து, கல்கண்டு கொட்டினதுபோல் கூடம் முழுக்கச் சிதறியது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா குனிந்து துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார். அப்போதுதான் அப்பா சிரித்தார். மாமாவிடம் அவர் சிரித்துப் பேசி அதற்குமுன் நான் கண்டதில்லை.

"அப்போ உடையும். சரி மாப்ளே, அஞ்சு பெட்டி கடைக்கு அனுப்பு."

விளிம்பில் அடிபட்டால் போய்விடும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லித்தான் விற்பேன் என்றும் சேர்த்துக்கொண்டார். மாமா பொறுக்கிய துண்டுகளைக் கையில் வைத்தபடியே தலையாட்டினார்.

மத்தியானம் பாயசம். அம்மா அப்பாவுக்கு இரண்டு தடவை விளம்பினாள். தன் மனம் நோகக் கூடாதென்றுதான் அவர் வாங்குகிறார் என்று அவளுக்கு நினைப்பு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்பாவைப்போல் இளகிய மனசுக்காரர் கிடையாது என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கைதவறிப் போட்டு உடைத்துவிட்டு, வேறு வாங்க வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் கடை நடக்கிறது என்பதும், அன்று காலை முழுக்க அப்பா மாமாமேல் கோபமாக இருக்கவில்லை, அந்தத் தட்டைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார் என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.