பதினேழு சுழிகளுக்குக் கையெழுத்து இல்லை

மலையடிவாரக் குடியிருப்பின் ஓரறை வகுப்பில் பதினொரு வருஷமாக உதவியாளராக இருப்பவளை எல்லோரும் 'வக்கீலக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைச் சொன்னாலும் ஒரு 'ஏன்' போடாமல் விடமாட்டாள். அந்தக் குடியிருப்பில் பிறந்து பத்தாவது தேறிய முதல் பெண்.

அன்று வகுப்பை மதிப்பிட ஓர் அதிகாரி வந்திருந்தார். மதிப்பெண் பாதிக்குக் கீழே போனால் வகுப்பை மூடிவிடுவார்கள்; பிள்ளைகள் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அவர் இலைப் படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, இது என்ன செடி என்று கேட்டார். பதினேழு பிள்ளைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு பூஜ்யமாகப் பதினேழு சுழி போட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு அவளிடம் தாளை நீட்டினார்.

அவள் பேனாவைத் தொடவில்லை.

"பதில் உங்களுக்கே தெரியுமே சார். தெரிஞ்சத வச்சுக்கிட்டு கேட்டா எங்க ஆளுங்க கிண்டல்னுதான் எடுத்துப்பாங்க. தெரியாதத கேட்டுப் பாருங்க."

அதிகாரி நல்ல மனிதர்தான். சற்று யோசித்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, தடித்துச் சிவந்த மணிக்கட்டைக் காட்டினார். வரும் வழியில் ஏதோ உரசியது, அரிப்பு தாங்கவில்லை, என்ன செடி அது என்றார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். ஓடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, இலையில் மயிர் போலச் சுணை இருந்ததா, பால் வடிந்ததா, உரசியதுமே எரிந்ததா என்று அவரையே குறுக்கு விசாரணை செய்தார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை வேறு. பால் என்றால் இந்நேரம் கொப்புளம் வந்திருக்கும், இது சுணைதான் என்று ஒரு சிறுமி வழக்கை முடித்தாள். அவர்கள் சொன்ன செடி, அவர் காட்டிய மூன்றாவது படத்தில் இருந்தது.

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும், "இத எழுதறதுக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார்.

"இல்லன்னா போட்டுக்கலாம் சார். ஸ்கேல் என்கிட்ட இருக்கு."

கேட்ட கேள்விகள், சொன்ன காரணங்கள், மாற்றிக்கொண்ட முடிவுகள் என்று தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்டு நிரப்பினாள். கையெழுத்தும் அங்கேதான்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது: பின்பக்கம் செல்லாது, முன்பக்கத்தில் கையெழுத்திடவும். ஆபீஸோடு மல்லுக்கு நிற்பதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றான் வேன் ஓட்டும் புருஷன்.

"போட்டா மூடிடுவாங்க. போடலன்னா அந்தத் தாள் செல்லாது, இன்னொருத்தர அனுப்பணும். அனுப்பட்டும்."

பதிலை அவளே எழுதினாள். 'மறுபடி வந்து மதிப்பிடவும். வருபவர் தமக்கு விடை தெரியாத கேள்விகளோடு வரவும். அதுவரை வகுப்பு நடக்கும்.'