வீதிக்கு வெளியே நின்று எடுத்த அணி

கல்யாணம் முடித்துக் கோப்பாய்க்கு வந்த புதிதில், பள்ளிக்கூடக் காலத்தில் நானும் பந்து போட்டவள்தான் என்று யாரிடமோ வாய்விட்டேன். அதோடு தொலைந்தேன். ஊர் விளையாட்டுக் கழகம் பெண் பிள்ளைகளுக்கு மென்பந்துக் கிரிக்கெட் அணி தொடங்கியபோது என்னைத்தான் பொறுப்பாகப் போட்டார்கள். ஒரு பெண் கூடப் போனால்தான் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவோம் என்று தாய்மார் சொல்லிவிட்டார்கள். வேறு ஒருத்தியும் முன்வரவில்லை. ஆப்பிழுத்த குரங்கு மாதிரி அதற்குள்ளேயே கிடக்கிறேன். விலகப் போகிறேன் என்று நான் சொல்லாத வருடம் இல்லை. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை.

எங்களுக்கென்று மைதானம் கிடையாது. கோயிலின் மேற்கு வீதி, அதாவது வெளிமதிலை ஒட்டிய மணல்வெளிதான் மைதானம். ஒரு பக்கம் கோயில் மதில், மற்றப் பக்கம் தார் றோட்டு. பந்து மதிலுக்கு மேலால் போனால் அடித்தவள் அவுட். ஐயர் அதைத் தேடி எடுத்துத் தரும்வரை எல்லோரும் மணலில் குந்தியிருக்க வேண்டும். நாலு பேருடைய கண்படும் இடம் என்பதால் தாய்மாருக்கு அது நல்ல விருப்பம்.

இந்த வருடம் அணித் தெரிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தோம். வெள்ளி பின்னேரம் ரொறன்ரோவில் இருந்து போன் வந்தது. என் கணவரின் பெரியப்பா மகன் செத்துப்போனார். நான் அவரைக் கண்டதே இல்லை. மாமியார் சுவாமி அறையைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியுமட்டும் துடக்கு, பிள்ளை. கோயில் வீதிக்கையும் கால் வைக்கப்படாது."

சாவுத் துடக்கு என்கிற தீட்டுக்குக் கடலும் தெரியாது, கண்டமும் தெரியாது. பகுதிச் சொந்தம் முழுவதையும் ஒரே நாளில் பிடித்துவிடும். தெரிவைத் தள்ளிவைப்போம் என்று கழகத் தலைவரிடம் கேட்டேன். போட்டிக்கான பெயர்கள் திங்கள் காலையே போயாக வேண்டும் என்றார். பள்ளிக்கூட மைதானத்தைக் கேட்க நேரமில்லை. ஆகவே ஞாயிறு காலை, ஊருக்கே டீச்சரான நான், தார் றோட்டில் நின்றுகொண்டு வீதிக்குள் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். பஸ் போகும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் இன்னொருத்தியும் நின்றாள். கணவரின் இன்னொரு ஒன்றுவிட்ட அண்ணருடைய மகள். என்னைச் சித்தி என்பாள். ஓடிவந்து அவள் பந்து போட்டால் பெடியன்களே தடுமாறுவார்கள். போன வருடம் நாங்கள் வென்றது அவளால்தான். வயதுக் கட்டுப்பாட்டின்படி இதுதான் அவளுக்குக் கடைசி வருடம். இந்த அணியில் இல்லாவிட்டால் இனி எந்த அணியிலும் இல்லை. அவளுக்கும் அதே துடக்கு.

ஆனாலும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. யார் நன்றாக அடிக்கிறாள், யார் பந்தைக் கண்டு கண்ணை மூடுகிறாள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே நின்றாள். ஒருமுறை பந்து றோட்டுக்கு வந்தது. எடுத்தாள். எறியக் கையை ஓங்கியவள், என்ன நினைத்தாளோ, குனிந்து மெதுவாக உருட்டிவிட்டாள். எனக்கு அந்தச் செத்துப்போன மனிதர்மேல் கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

வெயில் ஏறியதும் தலைவர் வீதி ஓரத்துக்கு வந்து, கொஞ்சம் எட்டவே நின்றார்.

"அண்ணை, முதல் பேர் இவளின்ரை," என்றேன்.

"விளையாடாத பிள்ளையை எப்பிடி டீச்சர் போடுறது?"

"இவளின்ரை விளையாட்டு உங்களுக்குத் தெரியாதே?"

"எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனால் ரெண்டு பேரும் ஒரே துடக்கிலை நிக்கிறியளே. உவள் உங்கடை சொந்தம் எண்டு இண்டைக்குச் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மற்றப் பிள்ளையளை வெய்யிலுக்கை ஓடவிட்டுப்போட்டு உங்கடை பிள்ளையைப் போட்டால் தாய்மார் சும்மா இருப்பினமே? உலை வாயை மூடலாம் டீச்சர்..."

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. போட்டி நடக்கும்போது துடக்குக் கழிந்திருக்கும் என்றேன். அது அவருக்கும் தெரியும். துடக்கு என்று அவளை வெளியே விட்டதும் இவர்கள், அதையே சாட்சியாக்கி என் கையைக் கட்டுவதும் இவர்கள்.

"அப்ப நானும் இல்லை. வேறை ஆளைப் பாருங்கோ."

அவர் கோபிக்கவில்லை. திரும்பி வீதியைப் பார்த்தார்.

"நீங்கள் வராட்டில் ஒரு பிள்ளையும் வீட்டை விட்டு வெளிக்கிடாது. அது உங்களுக்குத் தெரியும்தானே."

மதில் நிழலில் பிள்ளைகள் வெறுங்காலோடு வரிசையாக இருந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்தபடியே குடிக்காமல் இருந்தாள். இவளுக்காக நான் வெளியே போனால் அவர்கள் அத்தனை பேரும் வெளியே. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பெயர்ப் பட்டியலை விரித்தேன்.

"வாசியுங்கோ சித்தி," என்றாள் அவள். "பஸ் வரப்போகுது. பிறகு அவையளுக்குக் கேக்காது."

வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பக்கத்தில் கைதட்டல் கேட்டது. இந்தப் பக்கத்தில் அவளும் தட்டினாள். எல்லோரும் கலைந்த பிறகு சைக்கிளை எடுத்தவள், ஏறாமல் உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தாள்.

"அடுத்த வருசம் உங்களோடை கூட வரட்டே சித்தி? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக. அதுக்கு வயசு பாக்க மாட்டினம்தானே."

"ஓம்," என்றேன். அவளுக்காக அழுகைதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா, இனி நான் விலகலாம் என்றுதான் முதலில் தோன்றியது.