எம். புதுப்பட்டியில் வெடி வைத்துக் காது பார்த்த கதை

குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க எங்கள் ஆரம்ப நிலைப் பயிற்சி மையத்தில் அங்கீகரிக்கப்பட்ட கருவிகள் கிலுகிலுப்பை, கைமணி, தட்டும் ஸ்பூனும். எம். புதுப்பட்டிக்கு முதல் வீட்டு விசிட் போன அன்றுதான் அந்தப் பட்டியலில் அணுகுண்டு வெடி விடுபட்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

குழந்தை காவ்யா. இரண்டு வயது. ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பா மாரிமுத்து, பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். அம்மா செல்வி, அதே கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவர். விருதுநகருக்கு பெரா என்கிற காது டெஸ்டுக்கு வரச் சொல்லி மையத்திலிருந்து பலமுறை கூப்பிட்டும் வரவில்லை. காதுக் குறையைச் சீக்கிரம் கண்டுபிடித்து மிஷின் மாட்டினால்தான் பேச்சு வரும். பேச்சுக்கு மூளை காத்திருக்கும் காலம் கொஞ்சம். நம் ஆபீஸ்களைப் போல அது நீட்டிப்பு தராது.

இதையெல்லாம் சொன்னேன். மாரிமுத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். டெஸ்டுக்குப் போனால் ஊமை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், பிறகு அந்தப் பேர் போகாது என்பது அவர் வாதம். தவிர, பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கிறது, சோதித்தாகிவிட்டது.

“எப்படிச் சோதிச்சீங்க?” என்றேன்.

“இருங்க சார், காட்டுதேன்.”

வீட்டு வாசலில் செல்வி உட்கார்ந்திருந்தார். எதிரே, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி, காவ்யா டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாரிமுத்து தெருக்கோடிக்குப் போய் ஓர் அணுகுண்டைப் பற்றவைத்தார். தெருவே அதிர்ந்தது. காவ்யா திரும்பிப் பார்த்தாள்.

“பாத்தீகளா?” என்றபடி வந்தார்.

இவ்வளவு பெரிய சத்தத்தின் அதிர்வு உடம்புக்கே தெரியும், அதற்குக் காது தேவையில்லை என்று விளக்கினேன். அவர் முகத்தில் பரிதாபம் தெரிந்தது, என் மேல்தான். படித்தவருக்குப் புரியட்டும் என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனார்.

இம்முறை நான் குழந்தையை விட்டுவிட்டு எதிரே இருந்த செல்வியைப் பார்த்தேன். திரி சீறியதும் அவர் கண்ணை இறுக்கி, தோளைக் குறுக்கினார். காவ்யா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உடனே தெருப்பக்கம் திரும்பினாள்.

வெடி வெடிக்கவில்லை.

மாரிமுத்து சற்று நேரம் பொறுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். “நமுத்துப் போச்சு. நம்ம கம்பெனிச் சரக்கு இல்ல சார்” என்றுதான் முதலில் சொன்னார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சத்தமே வரலையே. இவ எதுக்குத் திரும்புனா?”

நான் வாயைத் திறக்கவில்லை. அது எந்தக் கையேட்டிலும் இல்லாத நடைமுறை. ஆனால் பலன் தரும்.

“என்னையப் பாத்துதாங்க” என்றார் செல்வி. “எப்பவும் அப்படித்தான். எனக்குத் தெரியும். அவ திரும்புறப்பல்லாம் நீங்க அம்புட்டுச் சந்தோசமா இருந்தீக. எப்படிச் சொல்ல?”

மாரிமுத்து காலி வாளியோடு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வாரமே விருதுநகருக்கு வந்தார்கள். சீசன் நேரத்தில் லீவு கேட்டதற்குக் கம்பெனியில் என்ன சொன்னார்கள் என்பது அச்சில் ஏறாது.

இரண்டு காதிலும் கடுமையான குறை. மிஷின் மாட்டினோம். காவ்யா அதைப் பிடுங்கிக் குடத்துக்குள் போட்டாள். வேறு மாட்டினோம். பயிற்சி மாதக்கணக்கில் போனது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காதைச் சோதிக்கும்போது அம்மாவின் முகம் குழந்தைக்குத் தெரியக் கூடாது. உங்களுக்குத் தெரிய வேண்டும். பாதி ரிப்போர்ட் அங்கே இருக்கும்.

ஒரு நாள் செல்வி மையத்துக்கு வந்து கோபமாக உட்கார்ந்தார்.

“சார், இவளைக் கொஞ்சம் கண்டிங்க. சாப்பிடக் கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்கா. பின்னாடி நின்னு மெல்லமா ‘மிட்டாய்’னு சொன்னா மட்டும் டக்குனு திரும்புதா. அம்புட்டுப் பிடிவாதம்.”

பிடிவாதத்துக்கு எங்களிடம் பயிற்சித் திட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.