பச்சைப் புடவை கட்டிய காவல்காரி

பெரம்பலூர் வட்டாரத்தில் சமீபத்தில் காலமான அம்மாக்கள் நிறையப் பேர் ஒரே புடவையில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். பச்சைப் பட்டு, சிவப்புக் கரை. அந்தப் புடவை என்னுடையது.

பதற வேண்டாம். எனக்குப் பிளக்ஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, தலைவர் வருகை எல்லாம் அடிப்போம் என்றாலும், கடையைத் தாங்கிப் பிடிப்பது கண்ணீர் அஞ்சலிதான். துக்க வீட்டிலிருந்து ஓடி வருகிறவர் கையில் நல்ல போட்டோ இருக்காது. ரேஷன் கார்டில் முறைத்தபடி இருக்கும் ஒரு முகம் இருக்கும். அந்த முகத்தைக் கத்தரித்து, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் ஓர் உடம்பின் மேல் ஒட்டிவிடுவோம். ஆண் என்றால் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பெண் என்றால் பச்சைப் பட்டு. பின்னால் இரண்டு மேகம், ஒரு ஜோதி. அரை மணி நேரத்தில் ஆள் சொர்க்கத்தில். ஊரில் எல்லாக் கடையிலும் இதுதான் வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

தப்பாக நினைக்க வேண்டியதை நான் செய்தது ஞாயிற்றுக்கிழமைகளில்.

அரியலூரில் ஒரு கணக்கு வாத்தியார். வரதராசன்பேட்டைக்காரர். காலையில் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தன் வீட்டு மேசையில் ஒரு விளையாட்டு நடத்துவார். அவர் கதை சொல்வார், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரம். பாழடைந்த கோட்டைக்குள் நுழைகிறோம், பூதம் எதிரே வருகிறது, என்ன செய்கிறாய் என்று கேட்பார். செய்வதைச் சொல்லிவிட்டு இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் நடந்தது, சின்ன எண் விழுந்தால் நடக்கவில்லை. சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிற ஒருத்தர் அதில் வாள்வீரன். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஓர் அம்மா வைத்தியச்சி. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். இருவரில் யார் மூத்தவர் என்று இருவருமே விசாரித்ததில்லை.

நான் நெக்ரோமேன்சர். அதாவது செத்தவர்களையும் வேற்று உலகத்து ஆட்களையும் துணைக்கு அழைக்கிற மந்திரவாதி. எடைமேடைக்காரர் அதைச் சுருக்கி "சுடுகாட்டுச் சாமியார்" ஆக்கிவிட்டார்.

"தொழிலும் அதானே மாமா, சௌகரியமா போச்சு" என்பார்.

துணையாட்களை அழைக்க வாத்தியார் மூன்று விதி வைத்திருந்தார். ஒன்று, அந்த ஆளுக்கு ஓர் உருவம் வேண்டும். இரண்டு, பதிலுக்கு ஏதாவது தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாவதை விரலை நீட்டிச் சொன்னார்: "கேட்டுட்டுத்தான் கூப்பிடணும் சார். வரீங்களான்னு கேட்கணும். கேட்காம இழுத்தாலும் வந்துடும். ஆனா என்னைக்காவது ஒருநாள் உங்க பக்கமே திரும்பும்."

நான் வறுத்த முந்திரியை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினேன். முதல் விதி மட்டும்தான் காதில் விழுந்தது. உருவம். நம்மிடம் இல்லாத உருவமா?

அந்த வாரமே ஆறு பேரைத் தயார் செய்தேன். அஞ்சலி ஃபைல்களைத் திறந்து நல்ல முகங்களாகப் பொறுக்கினேன். மீசைக்காரர் ஒருவருக்குக் கொம்பு. கண்ணாடி போட்ட ஒருவருக்கு நெருப்புக் கண். மோவாயில் மச்சத்தோடு, பாதிக் கோபத்தில் நம்மைப் பார்க்கிற ஓர் அம்மாவுக்கு எலும்புக் கிரீடமும் கையில் இரும்புத் தடியும். மேலுலகத்து வாசலுக்குக் காவல்காரி. எல்லோர் முகத்துக்கும் நீல நிறம் ஏற்றி, விரல் நீளத்துக்கு அச்சடித்து, சன்போர்டு அட்டையில் ஒட்டி வெட்டி, மேசையில் நிற்கிற மாதிரி அடியில் கட்டை வைத்தேன். பெரம்பலூர்ச் சாவு அரியலூருக்கு எங்கே தெரியப் போகிறது என்பது என் கணக்கு. நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம்தான் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தினேன். எடைமேடைக்காரர் விசிலடித்தார். மெடிக்கல் அக்கா காவல்காரியை எடுத்தார். தன் கண்ணாடியைக் கழற்றி, அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இது எங்கம்மா மாதிரியே இருக்கு."

நான் முந்திரிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அப்படிங்களா? கம்ப்யூட்டரே வரைஞ்சதுங்க. இப்பல்லாம் சொன்னா அதுவே வரைஞ்சிடுது."

"அந்த மச்சம் கூடவா வரையும்?"

"மச்சம்லாம் நல்லாவே வரையுதுங்க."

அவர் அதைத் திருப்பித் தரவில்லை. "இது எங்கிட்ட இருக்கட்டுமே" என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபடி, இந்த உலகத்தில் மச்சம் உள்ள அம்மாக்கள் எத்தனையோ பேர் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். கடைக்குப் போய் ஃபைலைத் திறந்தேன். நாலு வருஷத்துக்கு முந்தையது. கீழே துக்கத்தில் வாடுவோர் பட்டியல். மகன், துறைமங்கலம். மகள், அரியலூர். பக்கத்தில் அக்காவின் பெயர். நான் என் கையாலேயே தட்டச்சு செய்த பெயர், எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

அப்போதே போன் செய்து சொல்லியிருக்கலாம். மூன்று தடவை எண்ணை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மொத்தத்தில் நிறையத் தண்ணீர் குடித்தேன்.

அடுத்த வாரம் அக்கா காவல்காரியை மேசையில் தானே நிறுத்தினார். "இவங்களைக் கூப்பிடுங்க அண்ணே. எனக்கு ஒண்ணு கேக்கணும்." கதையில் நாங்கள் அப்போது ஒரு குகை வாசலில் நின்றிருந்தோம். குகையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

அவர் அட்டையைப் பார்த்துக் கேட்டார்: "நான் கடைசியா வரலன்னு கோவமா?"

வாத்தியார் பேனாவைக் கீழே வைத்தார். அக்கா எங்களிடம் சொன்னது அன்றுதான். அம்மா இறந்த அன்று, முடியாமல் கிடக்கிறார் என்று தம்பி காலையிலேயே போன் செய்திருக்கிறார். கடைக்கு மருந்துச் சரக்கு வருகிற நாள். இறக்கிவிட்டுப் போகலாம் என்று நின்றிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. தம்பி எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார், மாத்திரை டப்பா முக்கியமாப் போச்சான்னு. காரியம் முடிந்த பிறகு அக்கா அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை.

விதிப்படி பகடையை உருட்ட வேண்டியவன் நான், பதில் சொல்ல வேண்டியவனும் நான். பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் நல்ல பதில். எவர்சில்வர் தட்டில் உருட்டினேன். நாலு.

முந்திரிக் கிண்ணத்தை நகர்த்துவது போல உள்ளங்கையால் மூடி, சுண்டுவிரலால் பகடையைத் தள்ளிவிட்டேன். கையை எடுத்தபோது பதினேழு. வாழ்க்கையில் நான் செய்த ஒரே மந்திரம் அதுதான்.

"பதினேழுங்க" என்றேன். பிறகு என் தொண்டையிலிருந்து எப்படியோ ஒரு கிழவிக் குரல் வந்தது: "கோவம் என்ன கோவம். வெயில்ல வந்திருக்க, மொதல்ல தண்ணி குடி."

எடைமேடைக்காரர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததை அன்றுதான் பார்த்தேன். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிஜமாகவே தண்ணீர் குடித்தார்.

போகும்போது சொன்னார்: "அடுத்த ஞாயிறு நான் வரல. அம்மாவுக்குத் திதி. தம்பி வூட்டுக்குப் போறேன். கோவமில்லன்னு சொல்லிட்டாங்கல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டுக் கூடத்தில், நான் முதல் வருஷ நினைவு நாளுக்கு அடித்துக் கொடுத்த படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அதே முகம், அதே மச்சம், அதே பாதிக் கோபம், அதே பச்சைப் பட்டு. கீழே வலது மூலையில் சின்ன எழுத்தில் என் கடைப் பெயரும் போன் நம்பரும். விளம்பரத்துக்காகப் போடுவது. அதைப் பார்த்துக் கடைக்கு ஆள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவன், வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டது அந்த ஒரு வாரம்தான்.

பொய் வெளிப்பட்டால் நான் அசிங்கப்படுவேன், அது போகட்டும். ஆனால் அவர் நாலு வருஷம் கழித்து ஒரு படி ஏறுவதே என் சுண்டுவிரல் சொன்ன பேச்சை நம்பித்தான். பாதியில் அது தெரிந்தால் திரும்பி இறங்கிவிடுவாரே.

ஒரு மனிதன் இந்த நிலையில் செய்யக்கூடிய உருப்படியான காரியம் உண்மையைச் சொல்வது. நான் கடைப் பெயர் இல்லாமல் புதுப் படம் ஒன்று அடித்தேன். சட்டம் போட்டு, பேப்பரில் சுற்றி, சனிக்கிழமை காலை துறைமங்கலத்தில் அந்தத் தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்னண்ணே? நாங்க ஒண்ணும் ஆர்டர் சொல்லலையே?"

"இது சேவைங்க. வருஷம் ஆச்சுன்னா சாயம் வெளுத்துடும். கடையில இருந்து நாங்களே மாத்திக் குடுக்கறோம்."

இப்படி ஒரு சேவை தமிழ்நாட்டில் எந்தப் பிளக்ஸ் கடையிலும் கிடையாது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்த பார்வை அப்படி.

உள்ளேயிருந்து குரல்: "யாருடா?"

அக்கா வந்தார். திதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டிருக்கிறார். கையில் வாழைக்காய் நறுக்கிய கத்தி. என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நல்ல டைல்ஸ்.

"நேத்தே பார்த்துட்டேன் அண்ணே. உங்க நம்பரும் இருக்கு."

"அக்கா, நான் வந்து..."

"கம்ப்யூட்டரே வரைஞ்சுதோ?"

"இல்லக்கா. நாந்தான் எடுத்தேன். கேட்காம எடுத்தேன். உங்கம்மான்னு தெரியாம எடுத்தேன். அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சும் சொல்லல."

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா எடுத்தாரு?" என்றார். அக்கா அவரைக் கையமர்த்தினார்.

"அது கிடக்கட்டும். அந்தப் பகடை. அன்னைக்கு நிஜமா எவ்வளவு விழுந்துச்சு?"

பதினேழு என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. ஒரே எண், ஒரே வார்த்தை. அவரும் அதை நம்பிவிட்டு வாழைக்காய் நறுக்கப் போயிருப்பார்.

"நாலு" என்றேன்.

"நாலுன்னா?"

"கோவம்னு அர்த்தம்."

அக்கா படத்தின் முன்னால் போய் நின்றார். படத்துக்குச் சொல்வது போலச் சொன்னார்: "அப்படித்தான் இருக்கும். எங்கம்மா அவ்வளவு லேசுல விடற ஆளா? தண்ணி குடியாம், தண்ணி. எங்கம்மா என்னைத் தண்ணி குடின்னு சொன்னதே கிடையாது. மொதல்ல ஏன் லேட்டுன்னுதான் கேப்பாங்க."

தம்பி சட்டென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொன்னதை நம்பித்தான் வந்தேன். நாலுன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன். அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது."

"ஆகாதுங்க."

"புதுப் படம் வேணாம், எடுத்துட்டுப் போங்க. பழசே இருக்கட்டும். செஞ்சது யாருன்னு கீழ பேர் இருக்கணும்ல." வாசல் வரை வந்தவர், "இன்னொண்ணு" என்றார். "எங்கம்மா பச்சையே கட்ட மாட்டாங்க. ஆகவே ஆகாது அவங்களுக்கு. நாலு வருஷமா அந்தக் கோலத்துல நிக்க வெச்சிருக்கீங்க."

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவர் நாற்காலி காலி. மேசையில் நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், பகடை உள்பட. வாத்தியார் திட்டவில்லை. மீதி அட்டைகளை என் பக்கம் தள்ளி, "இந்த அஞ்சு பேரைக் கேட்டீங்களா?" என்றார், அவ்வளவுதான்.

கேட்கப் போனேன். மீசைக்காரரின் மகன் கொம்பைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்து, அம்மாவிடம் காட்ட அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரரின் மனைவி அட்டையை என் கையில் திருப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவின் முன்னால் செருப்பை மாட்டிக்கொள்ள எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. இன்னும் இரண்டு வீடுகளில் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, சரி போகட்டும் என்றார்கள். ஒரு வீட்டில் இப்போது யாரும் இல்லை. கேட்க ஆளில்லாத அந்த முகத்தை அழைக்கும் உரிமையும் எனக்கு இல்லை. மேசை டிராயரில் ஒரு வெள்ளைத் தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

நாலாவது ஞாயிறு நாங்கள் உட்கார்ந்த பிறகு வாசலில் ஸ்கூட்டி நின்றது. அக்கா வந்தார். யாரையும் பார்க்காமல் கைப்பையைத் திறந்து காவல்காரியை மேசையில் நிறுத்தினார். பச்சைப் பட்டு தெரியவில்லை. அதன் மேல் ஒரு துண்டுத் துணி ஒட்டியிருந்தது. துவைத்துத் துவைத்து நைந்த அரக்கு நிறம், பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி. பீரோவில் தம்பி எடுத்து வைத்திருந்த புடவையாம். கிரீடத்தையும் தடியையும் அப்படியே விட்டிருந்தார்.

"தடி பொருத்தம்தான்" என்றார். "தம்பியும் அதான் சொன்னான்."

நான் பகடையை எடுக்கப் போனேன்.

"நீங்க தொடாதீங்க. கையை மேசை மேல வைங்க. ரெண்டு கையும்."

வைத்தேன். அவரே அட்டையின் பக்கம் குனிந்து, "வரீங்களாம்மா?" என்று கேட்டார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு உருட்டினார். பகடை தட்டின் விளிம்பில் மோதித் திரும்பி வந்து நின்றது. எட்டு.

"நாலுலேருந்து எட்டு" என்றார் எடைமேடைக்காரர், லாரி எடையைப் படிப்பது போல.

"கோவம் இன்னும் முழுசா இறங்கல" என்றார் அக்கா. ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இருக்கட்டும். அடுத்த வாரம் மறுபடி கேக்கறேன்."

வாத்தியார் கதையை விட்ட இடத்திலிருந்து, அதே குகை வாசலிலிருந்து, ஆரம்பித்தார். என் இரண்டு உள்ளங்கைகளும் மேசை மேலேயே இருந்தன. எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.